வேனுக்கு ஒரு பிரேக், வாலுக்கு ஒரு பிரேக்

வேனின் டிரைவர் பக்கக் கதவு வழியாக இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கால்களுக்குச் சொந்தக்காரர் பாபு. கள்ளக்குறிச்சியில் வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிறவர். தலை முழுவதும் டாஷ்போர்டுக்கு அடியில் இருந்தது. பிளையரைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுகிற பழக்கம் அவருக்கு உண்டு. சொல்வதில் பாதியை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

டேப் கேட்கிறார் என்று நினைத்து இன்சுலேஷன் டேப்பை எடுத்து நீட்டினேன். அவர் கேட்டது டீ.

கொஞ்ச தூரத்தில், துணி காயப்போடும் கொடிக்கு அந்தப் பக்கம், என் வீட்டுக்காரர் செல்வராஜ் நின்றிருந்தார். வேனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காய்ந்துவிட்ட லுங்கியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஆனால் பாபுவின் கையிலிருந்து ஏதாவது சாமான் கீழே விழும்போதெல்லாம் அவர் கழுத்து லேசாகத் திரும்பியது. எனக்கு அதைப் பார்த்ததே சந்தோஷமாக இருந்தது.

மாவு மில்லை மலைக்கே கொண்டுபோவது என்று நான் பிடிவாதம் பிடித்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கல்வராயன் மலையில் சாமை விளைகிறது. அதை உமி போக்கி அரிசியாக்க, மலையிலிருந்து பெண்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் எங்கள் மில்லுக்கு வருவார்கள். வெள்ளிமலைக்கு மேலே ஓர் ஊரிலிருந்து வரும் லட்சுமி, ஒரு தடவை மூட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து, கால் மரத்துப்போய் மில் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "மிஷினு எங்க ஊருக்கு வரக்கூடாதா, அதுக்கு காலு இல்லியா?" என்று கேட்டாள்.

அவள் கேலியாகத்தான் கேட்டாள். நான் நிஜமாகவே அதற்குக் கால் வைத்துவிட்டேன்.

உமி நீக்கும் மிஷினையும் அதை ஓட்டும் டீசல் இன்ஜினையும் இரண்டு சக்கர வண்டி ஒன்றில் ஏற்றி, எங்கள் வேனின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவதுதான் திட்டம். டிரெய்லர் என்று பத்திரிகையில் எழுதலாம். எங்கள் வீட்டில் அதற்கு 'வால்' என்று பெயர். அதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கிய கதையை ஆரம்பித்தால் இந்தத் தொடர் அதிலேயே முடிந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

வாலின் சக்கரங்களுக்குள் கரண்டில் வேலை செய்யும் பிரேக் இருந்தது. கோயம்புத்தூரில் கேரவன் கட்டுகிறவர்களிடமிருந்து அச்சோடு வரவழைத்தது. நான் வேனில் பிரேக்கை மிதித்தால், அந்தச் சக்கரங்களுக்கும் கரண்டு போய் அவையும் பிடிக்க வேண்டும். எவ்வளவு கரண்டு, எப்போது என்று முடிவு செய்ய ஒரு சின்னப் பெட்டி உண்டு. பிரேக் கன்ட்ரோலர் என்பது அதுதான். சோப்பு டப்பா அளவு. அதைத்தான் பாபு தலையை நுழைத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு வார்த்தை

வேனை நான் ஓட்டுவேன். மிஷினை ஓட்ட என் வீட்டுக்காரர் வேண்டும். சாமை நொறுங்காமல் உமி மட்டும் போக, மிஷினின் சத்தத்தைக் கேட்டே திருகைச் சரி செய்வார். எனக்கு அந்தக் காது கிடையாது.

வெளியில் எல்லோரிடமும் நான் சொல்லிக்கொண்ட காரணம் இது. உள்ளே இருந்த ஆசை வேறு. அவர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வர வேண்டும். அவ்வளவுதான். அவர் எந்த வண்டியிலும் முன்னால் உட்கார்ந்து பல வருஷம் ஆகிவிட்டது.

முன்பு எங்களிடம் டிராக்டர் இருந்தது. கரும்பு சீசனில் டிப்பரில் கட்டு கட்டாக ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போவார். தியாகதுருகத்துக்கு இந்தப் பக்கம் ஏரிக்கரையில் ஓர் இறக்கம் உண்டு. டிப்பருக்கு ஏது பிரேக்? டிராக்டர் நின்றால் டிப்பரும் நிற்கும் என்ற நம்பிக்கைதான். அன்றைக்குத் தூறல் போட்டு மண் வழுக்கியது. டிராக்டர் நின்றது, பின்னால் வந்த கரும்பு நிற்கவில்லை. டிராக்டரை மடக்கிக் கரையிலிருந்து கீழே உருட்டிவிட்டது.

அவர் நடவு நட்ட வயலில் போய் விழுந்தார். சேறாக இருந்ததால் உயிர் தப்பியது. தொடை எலும்பும் தோள்பட்டையும் முறிந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சட்டையைக் கத்தரித்தபோது கரும்புச்சாறு வாடை அடித்தது. இன்றைக்கும் கரும்புச்சாறு என் தொண்டையில் இறங்காது. அவர் ஐஸ் போட்டுக் குடிக்கிறார்.

எப்படி ஆச்சு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்னது ஒரே வார்த்தை. "தள்ளிடுச்சு." போலீஸ்காரரிடமும் அதையேதான் சொன்னார். என்னிடமும் அதற்கு மேல் சொல்லவில்லை.

கால் கூடி நடக்க ஆரம்பித்த பிறகு டிராக்டரை விற்றோம். அப்புறம்தான் கவனித்தேன், பஸ்ஸில் ஏறினால் நேராகக் கடைசி சீட்டுக்குப் போவார். முன்னால் எத்தனை இடம் காலியாக இருந்தாலும் சரி. எங்கள் வேனில் என்றால் பின் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வருவார். தனக்குப் பின்னால் எதுவும் இருக்கக்கூடாது, இருந்தால் கண்ணில் பட வேண்டும். கல்யாண வீட்டு வாசலில் நாங்கள் வந்து இறங்குவதைப் பார்க்கிறவர்கள், வழியில் சண்டை போட்டுக்கொண்டு வருகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

வாலைப் பற்றி நான் பேச்செடுத்தபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீ வேனில் போ, நான் பஸ்ஸில் வந்து மிஷினை ஓட்டுகிறேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருக்கத்தானே இவ்வளவும் செய்கிறேன்.

கறுப்பு ஒயர்

கன்ட்ரோலரிலிருந்து நாலு ஒயர் தொங்கியது. கறுப்பு, வெள்ளை, சிவப்பு, நீலம். எங்கள் ஊரில் வண்டி ஒயரிங் செய்யும் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், கறுப்பு என்றால் எர்த், சிவப்பு என்றால் பிளஸ். பாபுவின் கை தானாகவே கறுப்பைப் பிடித்துக்கொண்டு வேனின் பாடிக்குப் போனது.

பெட்டியோடு வந்த இங்கிலீஷ் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான் எழுத்துக் கூட்டி வைத்திருந்தேன். அதில் கறுப்புதான் பேட்டரிக்குப் போகிறது. வெள்ளைதான் எர்த். சிவப்பு பிரேக் பெடல் ஸ்விட்சுக்கு, நீலம் வாலுக்கு. பாபு வெளியே வந்து தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கறுப்பு பிளஸ்ஸுன்னு எந்த ஊரு பழக்கம் இது, அக்கா?" என்று வருத்தமாகக் கேட்டார். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, தாளில் உள்ளபடியே மாட்டினார். ஈயப்பற்று வைக்கும் புகை வாசனை வேனுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. சாம்பிராணியும் ரப்பரும் கலந்த மாதிரி ஒரு வாசனை. எனக்கு அது பிடிக்கும்.

வேனின் அடிவயிற்றோடு ஒயரை இழுத்துப் பின்னால் கொண்டுவந்து, ஏழு ஓட்டை உள்ள சாக்கெட் ஒன்றில் முடித்தார். வாலின் பிளக்கை அதில் சொருகினால் லைட்டும் பிரேக்கும் வாலுக்குப் போய்விடும். அதில் ஓர் ஓட்டையை மட்டும் வெறுமனே விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். அது எர்த்துக்காம். தேவையில்லையாம். டிராக்டர் டிப்பருக்கு எர்த் ஒயர் யார் இழுக்கிறார்கள்? இரும்பும் இரும்பும் தொடுகிற கொக்கி வழியாகவே எர்த் போய்விடும். இந்தப் பக்கத்து டிப்பர்களின் சிவப்பு லைட் எல்லாம் அப்படித்தான் எரிகிறது. நான் டிராக்டர் வீட்டுக்காரி, எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கடைசியாகப் பெட்டியை ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் வைத்து ஸ்க்ரூ முடுக்கப் போனார் பாபு. அதன் முகப்பில் நகர்த்துகிற மாதிரி ஒரு சின்னக் கைப்பிடி உண்டு. பெடலைத் தொடாமல் அதை மட்டும் தள்ளினால், வால் மட்டும் பிரேக் பிடிக்கும். அவசரத்துக்கு.

பாபு அதை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எப்போது கொடியைத் தாண்டி வந்தார் என்று தெரியவில்லை, என் வீட்டுக்காரர் கதவோரம் நின்றிருந்தார். தோளில் அந்த லுங்கி.

"அத நடுவுல வெக்க முடியுமா?" என்றார்.

ஓட்டுகிறவர் கைக்குப் பக்கத்தில்தானே இருக்க வேண்டும் என்று பாபு சொன்னார்.

"பக்கத்துல உக்காறவனுக்கும் கை எட்டட்டுமே."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். பாபு முணுமுணுத்துக்கொண்டே ஒயரை ஒட்டி நீளமாக்கி, ரேடியோவுக்குக் கீழே நடுவில் வைத்துக் கொடுத்தார்.

தெருவிலேயே ஓட்டிப் பார்த்தோம். வால் மாட்டியிருந்தால் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். எரிந்தது. முதலில் கரண்டு ஜாஸ்தியாக வைத்துவிட்டதால் வாலின் சக்கரம் சுற்றாமல் மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்தது. அப்புறம் கம்மி பண்ணிச் சரியாக வைத்தோம். பின்னாலிருந்து யாரோ முந்தானையைப் பிடித்து இழுப்பது போல வேன் மெதுவாக நின்றது. என் வீட்டுக்காரர் வெளியே நின்று குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடு இல்லாத மாட்டுப் பொங்கல்

பொங்கல் கழித்து மலைக்குப் போவதாகப் பேச்சு. மாட்டுப் பொங்கலன்று எங்கள் வீட்டில் கொம்புக்குப் பெயிண்ட் அடிக்க மாடு கிடையாது. டிராக்டர் இருந்தபோது அதற்குப் பூசுவார். அதுவும் போன பிறகு, அன்றைக்கு அவருக்குக் கை ஓடாது. டிவியைப் போட்டுவிட்டுத் தூங்குவார்.

அந்த வருஷம் காலையிலேயே ஆளைக் காணோம். கடையில் போய் நீலத்திலும் மஞ்சளிலும் சின்ன டப்பா வாங்கி வந்திருந்தார். குந்தி உட்கார்ந்து வாலின் சக்கரத்துக்கு நீலம் அடித்தார். ஓரத்தில் மஞ்சள் கோடு. இழுக்கிற சட்டம் முழுக்க மஞ்சள். கொக்கிக்கு நீலம். கொக்கி வந்து உட்காருகிற, வேன் பக்கத்து இரும்புக் குண்டுக்கும் நீலம். காய்ந்ததும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தோம். நான் சூடம் காட்டினேன். வாலின் கிட்டேயே போகாத மனுஷன் அதைக் கொஞ்சிக்கொண்டிருந்தால் எனக்கு எப்படி இருக்கும்? கண் கலங்கிவிட்டது. சூடப்புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அணைந்த பச்சை

கிளம்பிய அன்று காலையில் அவர் முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அவர் வலது கை அந்தக் கைப்பிடியின் மேல் இருந்தது.

கச்சிராயபாளையம் வரைக்கும் நன்றாகத்தான் போனது. இரண்டு பக்கமும் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. ஊரைத் தாண்டியதும் ரோட்டில் ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கினோம். பச்சை விளக்கு சிமிட்டியது. சிமிட்டி அணைந்தது. எனக்கு முன்னால் அவர்தான் பார்த்தார்.

"நிறுத்து" என்றார்.

ஓரம் கட்டினேன். இறங்கினார். "நீ வேன திருப்பிக்கினு வூட்டுக்குப் போ. நான் பஸ்ல வரேன்" என்று சொல்லிவிட்டு ஊரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். குரலில் கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இனி இந்த ஜென்மத்தில் இவர் என் பக்கத்தில் உட்கார மாட்டார் என்று தோன்றியது. அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடு பாபுவுக்குப் போன் போட்டேன்.

வாலில் சிவப்பு லைட் எரிகிறதா என்று கேட்டார் பாபு. நான் பெடலை மிதித்துக்கொண்டே பின்னால் போய் எப்படிப் பார்ப்பேன்? ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினேன்.

"போறதுதான் போறீங்க, பின்னால லைட்டு எரியுதான்னு பாத்து சொல்லிட்டுப் போங்க."

நின்றார். யோசித்தார். திரும்பி வந்தார். லைட் எரியவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு எடுத்துக்கொண்டு நானும் இறங்கிப் பின்னால் போனேன். லைட்டும் போய் பிரேக்கும் போனால் எர்த் கிடைக்கவில்லை என்று அர்த்தம் என்றார் பாபு. "கொக்கிய இன்னாவாச்சும் பண்ணீங்களா?" என்று கேட்டார்.

நாங்கள் இருவரும் கொக்கியைப் பார்த்தோம். நீலம் பளபளவென்று இருந்தது. குங்குமம் கூட அழியவில்லை.

"பெயிண்டு அடிச்சேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

போனில் பாபுவின் குரல் ஏறியது. "கொக்கி மேலயா?"

"உள்ளயும். குண்டுக்கு ரெண்டு கோட்டு."

பெயிண்டுக்குள் கரண்டு போகாது. மாட்டும்போது எங்கோ கொஞ்சம் உரசி எர்த் கிடைத்திருக்கிறது, பள்ளத்தில் குதித்ததில் அதுவும் விட்டுப்போயிற்று. பாபு இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால் இவர் சிரிக்கிறார். வாலின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிக்கிறார். எனக்கும் தொற்றிக்கொண்டது. கரும்பு வெட்டுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

தப்பு தன் மேலும் இருக்கிறது, அந்த ஓட்டையைச் சும்மா விட்டிருக்கக்கூடாது, உடனே புறப்பட்டு வருகிறேன் என்றார் பாபு. இவர் வேண்டாம் என்றார். எர்த் ஒயரை எங்கே மாட்ட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஊருக்குள் மோட்டார் ரீவைண்டிங் கடையில் ஒயரும் உப்புத்தாளும் வாங்கி வந்தார். கொக்கியையும் குண்டையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தார். விளக்கு எரிந்தது. போகலாமா என்றேன்.

"இரும்ப இரும்பு தொட்டுக்கினே இருக்கும்னு நம்பி மலை ஏற முடியாது" என்று சொல்லி, காலி ஓட்டையில் தனி எர்த் ஒயர் மாட்டினார். வெயிலில் ரோட்டில் படுத்துக்கொண்டுதான் இதெல்லாம். முடித்ததும் என்னை வேனை மெதுவாக ஓட்டச் சொல்லி, உள்ளே உட்கார்ந்து கைப்பிடியைத் தானே தள்ளிப் பார்த்தார். வால் பிடித்து இழுத்தது. மறுபடி ஓட்டச் சொன்னார், மறுபடி தள்ளினார். போதும் என்று அவரே சொல்லும்வரை ஓட்டினேன்.

இறக்கம்

ஏற்றத்தில் பயம் கிடையாது. மலையில் அன்று முழுக்க மிஷின் ஓடியது. லட்சுமியின் ஊரில் எல்லோர் தலையிலும் சாமை உமி. இவர் காதைச் சாய்த்துச் சாய்த்து மிஷினைத் திருகிக்கொண்டிருந்தார். என் நினைப்பெல்லாம் திரும்பி இறங்குவதிலேயே இருந்தது. கிளம்பும்போது லட்சுமி ஒரு பை நிறைய அவித்த மொச்சையை, காயோடு, சூடாக அவர் மடியில் வைத்தாள். உப்பு போட்ட வாசனை வேன் முழுக்க வந்தது.

முதல் வளைவு வருவதற்கு முன்பே அவர் கை கைப்பிடிக்குப் போய்விட்டது. நான் பெடலைத் தொடுவதற்குள் அவர் பிடித்துவிடுவார். வால் பின்னால் இழுக்க, வேன் நகராது. இறங்குகிற மலையில் ஆக்சிலேட்டரை மிதித்து வண்டி ஓட்டியவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சொல்லவில்லை. மிதித்தேன். பிரேக் சூடாகிற வாடை ஜன்னல் வழியாக வந்தது.

சில வளைவுகள் கழித்து, நான் பெடலை மிதிக்கும்வரை பொறுத்தார். வால் தானாகவே பிடித்தது. அவர் கை கைப்பிடியின் மேல் சும்மா இருந்தது. அடுத்ததிலும் அப்படியே. எதிரே பஸ் வந்தது, ஓரம் கட்டி வழி விட்டேன், வால் சொன்னபடி நின்றது. மரங்களுக்கு நடுவே கீழே அணைத் தண்ணீர் தெரிந்தது.

அப்போதுதான் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. டப் என்று மொச்சைக்காய் பிரிகிற சத்தம். ஓரக்கண்ணால் பார்த்தேன். இரண்டு கையாலும் காயைப் பிரித்து, கொட்டையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். தோலை ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். இன்னொரு காயை எடுத்தார். எதிரே வளைவு வந்தது. அவர் நிமிரவில்லை. நான் மறுபடியும் பார்த்தேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார், மொச்சையை மென்றுகொண்டே. "என் கைய இன்னாத்துக்குப் பாத்துக்கினு வர?"